நிலைபெற்ற கோப்பு

ஜுபைதா இறந்த ஆறாம் மாதம், அவருடைய மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்து அவருக்கே ஒரு கடிதம் வந்தது.

கடிதத்தில் பிழை என்று எதையும் சொல்ல முடியாது. கதவு எண் சரி. தெருப் பெயர் சரி. 'திருமதி ஜுபைதா, குடும்பத் தலைவர்' என்பதும் வாரியத்தின் பதிவேட்டின்படி சரி. 'தங்கள் மறைவுச் செய்தி அறிந்து வாரியம் ஆற்றொணாத் துயரம் கொள்கிறது. இத்துயரைத் தாங்கும் வலிமையைத் தாங்கள் பெற்றிட வேண்டுகிறது' என்று இருந்தது. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'ஆண்டு உயிர்ச்சான்றுக்கு இம்மாத இறுதிக்குள் தாங்கள் நேரில் வர வேண்டும்' என்றும் இருந்தது.

ஃபக்ருதீன் அந்தத் தாளை வலது கண்ணுக்கு ஆறு அங்குலம் முன்னால் பிடித்துப் படித்தார். இடது கண்ணில் புரை முற்றி, பாலாடை மாதிரி மூடியிருந்தது. வலது கண்ணில் அது பாதி வழி வந்திருந்தது.

"என்னத்தா அது?" என்றாள் மகள் ரூக்ஷார்.

"உங்கம்மாவுக்கு லெட்டர்."

"அம்மாவுக்கா? யாரு போட்டாங்க?"

"வாரியத்துலேர்ந்து. மௌத்தாயிட்டான்னு வருத்தப்பட்டுக்கினு, அவளையே நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

ரூக்ஷார் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். யாராவது விளையாடியிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், "சீல் இருக்குதே" என்று மட்டும் சொன்னாள். சீல் இருந்தால் விளையாட்டு இல்லை.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதே முறை.

ஃபக்ருதீனுக்கு ஒலிமுகமதுபேட்டையில் அட்டை குத்துகிற வேலை. பட்டுச் சேலைக் கரையில் ஓடும் யானையும் அன்னமும் முதலில் அட்டையில் துளைகளாகத்தான் பிறக்கின்றன. அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிமேல் தொங்கவிட்டால், துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும்பும், இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கும். நாற்பது வருடமாக அவர் துளை தவறியதில்லை. போன சித்திரையில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் தர்மன், ஒரு முழம் நெய்த துணியைக் கையோடு கொண்டுவந்து விரித்தார்.

"பாய், எண்ணிப் பாருங்க."

"என்னத்த?"

"யானையோட கால."

யானைக்கு ஐந்து கால் இருந்தது.

"துதிக்கைய சேர்த்து எண்ணிட்டியாபா?" என்றார் ஃபக்ருதீன்.

"துதிக்கை தனியா இருக்குது பாய். அது நல்லாத்தான் இருக்குது." தர்மன் துணியை மடித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் ஃபக்ருதீனுக்கு என்னவோ போல் இருந்தது. "கண்ணக் காட்டுங்க பாய். உங்கள விட்டா நான் யார்கிட்ட போறது?"

கண் மருத்துவமனையில் பார்த்த டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். அடுத்த பங்குனி தாண்டினால் துளை குத்துகிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். வாரியம் கொடுத்த குடும்ப மருத்துவ அட்டை இருந்தது. ஆனால் அட்டை ஜுபைதாவின் பெயரில் இருந்தது. அறுவை செய்ய அட்டைதாரர் வந்து கைரேகை வைக்க வேண்டும்.

"அட்டைதாரர் மௌத்தாயிட்டாங்கம்மா. தை மாசம்."

கணினிக்கு முன்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், கொஞ்சம் சந்தேகமாக. "நலமா இருக்காங்கன்னு காட்டுதே, பாய்?"

இலவச முகாமுக்குப் போனார். ஏற்கெனவே அட்டை உள்ள குடும்பத்துக்கு முகாமில் செய்ய விதியில்லை என்றார்கள்.

மே மாதம் இருபதாம் தேதி, ரூக்ஷார் அவருடைய செல்போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். வாரியத்தின் இணையதளம். மேலே கோபுரம், கீழே தறி. நடுவில் ஜுபைதாவின் படம். 'பயனாளி: ஜுபைதா. தொழில்: தார் சுற்றுதல். நிலை: நலமுடன் உள்ளார்.'

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று ஃபக்ருதீனுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் காஞ்சி வட்டாரப் பட்டுச் சார்தொழிலாளர் நலவாரியம் தன் இணையதளத்தைத் தொடங்கியபோது, முதல் பயனாளியாக நிறுத்துவதற்கு ஜுபைதாவைத் தேர்ந்தெடுத்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தவளை அப்படியே ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். மேடையில் புது ஜமக்காளம் விரித்திருந்ததால் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஃபக்ருதீன் அந்தச் செருப்பையும் அவளுடைய பையையும் பிடித்துக்கொண்டு கீழே ஓரமாக நின்றார். படம் எடுத்தார்கள். மறுநாள் பெரியவர் ஒருவர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஜுபைதா வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் பக்கத்தைச் செல்போனின் முகப்பிலேயே குத்திவைத்துக் கொடுத்தாள் ரூக்ஷார். "மாறிடுச்சான்னு அப்பப்ப பாருங்கத்தா."

அன்று முதல் தினமும் காலைத் தொழுகை முடித்து வந்ததும் ஃபக்ருதீன் அதைத் திறந்து பார்த்தார். மாறவில்லை. நலமுடன் உள்ளார்.

ஓரிக்கை ரோட்டில் இருந்த வாரிய அலுவலகத்துக்கு அவர் முதல் தடவை போன நாள், கருட சேவைக்காகப் பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை போனபோது திறந்திருந்தது. உமாபதி என்கிற எழுத்தர் இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, "அடடா, நம்ம மாடல் பயனாளி அம்மாவாச்சே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கணினியில் ஏற்றினார். பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது.

"ஆச்சு பாய். அம்மா இறந்துட்டாங்க."

ஃபக்ருதீன் செல்போனை நீட்டினார். "இதுல இன்னும் நலமா இருக்குதே சார்."

உமாபதி தம்முடைய திரையிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அங்கும் நலமாகத்தான் இருந்தாள். "இது காட்சிப் பிரிவு பாய். நான் பதிவுப் பிரிவு. என்னப் பொறுத்தவரைக்கும் அம்மா இல்ல. அவங்களப் பொறுத்தவரைக்கும் இருக்காங்க. மூணு நாள் பாருங்க."

மூன்று நாள் கழித்து வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று உமாபதி இன்னொரு தடவை பதிந்தார். ஆனியில் ஒரு தடவை. ஆடியில் ஒரு தடவை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் இரங்கல் கடிதம் தானாகவே அச்சாகித் தபாலில் போகும்படி வாரியம் ஏற்பாடு செய்திருந்தது. நான்கு கடிதங்கள் வந்தன. நான்கையும் ரூக்ஷார் ஒரே கிளிப்பில் போட்டு வைத்தாள். அந்த வீட்டில் இனி வருந்துவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை என்னும் அளவுக்கு வாரியம் வருந்திவிட்டது.

ஆனால் மருத்துவமனைக்குக் கைரேகை கைரேகைதான். பதிவில் இறந்து காட்சியில் வாழும் ஒருவரை என்ன செய்வது என்று விதியைப் புரட்டியதில், 'ஐயப்பாடு எழுமிடத்து, பயனாளியை அவர் இருக்குமிடம் சென்று பெயர் சொல்லி மூன்று முறை அழைத்துப் பார்த்தல் வேண்டும்' என்று ஒன்று அகப்பட்டது. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உமாபதி கையில் வாரியத்தின் பலகைக் கணினியோடு வந்தார். முதலில் வீட்டு வாசலில் நின்று அழைத்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கணினியில் மணி ஓடியது.

"இங்க இல்லன்னு ஆயிடுச்சி. இருக்குமிடம்னு இருக்குதே பாய்... அங்கயும் போயிட்டு வந்துடலாமா?" என்றார் உமாபதி. அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

இருவரும் கபரஸ்தானுக்குப் போனார்கள். வேப்ப மரத்துக்கு அந்தப்புறம் மூன்றாவது வரிசை. உமாபதி யாரும் சொல்லாமலே செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார். பலகைக் கணினியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பயனாளி ஜுபைதா அவர்களே!" என்றார்.

ஒரு நிமிடம்.

"பயனாளி ஜுபைதா அவர்களே!"

ஒரு நிமிடம். ரோட்டில் முசரவாக்கம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது.

மூன்றாம் தடவை உமாபதி, "ஜுபைதாம்மா..." என்று மட்டும் அழைத்தார். ஃபக்ருதீன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடமும் அவர் இமைக்கவில்லை. அறுபது வயது மனிதர். எதற்காகக் காத்திருந்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

மணி ஓடி முடிந்ததும் திரையில் மூன்று கட்டம் வந்தது. வந்தார். வர மறுத்தார். வெளியூர்.

"பாய், இதுல மூணுதான் இருக்குது." உமாபதி மூக்கை உறிஞ்சினார். "வெளியூர்னு போட்டுடட்டுமா?"

"போடுங்க தம்பி" என்றார் ஃபக்ருதீன். "தப்பில்ல."

வெளியூர் சென்றிருக்கும் ஒருவர் திரும்பி வர வாரியம் தொண்ணூறு நாள் அவகாசம் தருகிறது. தொண்ணூறு நாளும் வாரியம் காத்திருந்தது. அதற்குள் ஃபக்ருதீன் அட்டை குத்துவதை நிறுத்திவிட்டார். அன்னத்துக்கு அலகு காணாமல் போனபின், தர்மன் கேட்காமலே அவராகவே நிறுத்திக்கொண்டார். காலையில் செல்போனைத் திறந்தால் அவளுடைய முகம் இருக்கும் இடம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கீழே இருந்த எழுத்தை மட்டும் ரூக்ஷார் படித்துச் சொன்னாள்.

"நலமுடன் உள்ளாரா?"

"ஆமாத்தா."

தை மாதம், ஜுபைதாவின் வருட ஃபாத்திஹா முடிந்த மறு வாரம், வாரிய இணையதளத்தின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மாதிரிப் பயனாளி துணையுடன் வந்து மேடையில் அமர வேண்டும். பயனாளி வெளியூரில் இருந்ததால் துணை மட்டும் போனார். எப்படியாவது செயலரை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ரூக்ஷார்தான் அனுப்பினாள்.

செயலர் யதிராஜன் சின்ன காஞ்சிபுரத்தில் தமிழும் வடமொழியும் படித்த குடும்பம். ஆங்கிலச் சொல் ஒன்று அலுவலகக் குறிப்பில் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பிறர் துன்பம் கண்டால் கண் கலங்குவார், அதுவும் நல்ல தமிழில் எழுதியிருந்தால். அவர் பேசினார்:

"அவையோரே! பதினாலாயிரம் பேரைப் பதிந்தீர்களே, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று சிலர் வினவுகிறார்கள். நான் அவர்களைத் திருப்பி வினவுகிறேன். பக்கம் திறக்கிறதா, இல்லையா? திறக்கிறது! மழையில் மின்சாரம் போயிற்று, பல பக்கங்கள் வீழ்ந்தன. ஒரே ஒரு பக்கம் இந்த மூன்றாண்டில் ஒரு நொடியும் வீழ்ந்ததில்லை. அதோ பாருங்கள்!" பெரிய திரையில் ஜுபைதா வந்தாள். "பயனாளி வருவார், போவார். பக்கம் நிற்க வேண்டும். அதுவே மின்னாளுமை! இந்த அம்மையார் நலமுடன் இருக்கிறார் என்று வாரியம் சொல்கிறது. வாரியம் ஒன்றைச் சொன்னால் அதை மாற்றிச் சொல்லும் வழக்கம் வாரியத்துக்கு இல்லை!"

ஃபக்ருதீனுக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியை நீட்டினார்கள். "அம்மையார் வரவில்லையோ?" என்றார் யதிராஜன்.

"ஐயா, அவ மௌத்தாயி ஒரு வருஷம் ஆவுது" என்றார் ஃபக்ருதீன்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி நின்றிருந்தது. பலமாகக் கைதட்டினார்கள்.

யதிராஜனுக்கு மட்டும் கேட்டுவிட்டது. மறுநாளே ஏனாத்தூர் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்து வாரியத்தின் இணையதளத்தைப் பராமரிக்கிற தீபிகாவை வரவழைத்தார். இருபத்தாறு வயதுப் பெண். மூன்று வருடத்தில் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ள வந்த நான்காவது ஆள். ஃபக்ருதீனையும் உமாபதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

"பதிவெல்லாம் கரெக்டா இருக்குது. காலமானார்னு நாலு வாட்டி இருக்குது" என்றாள். "அப்புறம் ஏன் நலம்னு வருது?"

அந்தப் பக்கத்தை எழுதித் தருகிற நிரலைத் திறந்து, 'வணக்கம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். மற்றவர்களுடைய பக்கத்தில் எல்லாம் வணக்கம் வந்தது. ஜுபைதாவின் பக்கத்தில் வரவில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். வரவில்லை. மத்தியானம் டீயை ஆறவிட்டுவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"பாய், இது என்னன்னே புரியல. பக்கம் எழுதுற புரோகிராமையே எடுத்துட்டேன். பதினாலாயிரம் பேர் பக்கமும் போயிடுச்சி. அம்மா மட்டும் வந்துக்கினே இருக்காங்க."

ஃபக்ருதீன் கொஞ்சம் யோசித்தார். "அம்மாடி, நான் ஒண்ணு கேக்கட்டா? தப்பா இருந்தா விட்டுடு. பழைய அட்டை ஏதாவது உள்ள தங்கியிருக்குதா பாத்தியா?"

"அட்டையா?"

"ஒருவாட்டி ஒரு சேலைக்குக் கிளிய எடுத்துட்டு மாங்கா போடச் சொன்னாங்க. எல்லா அட்டையும் மாத்திட்டேன். ஒரே ஒரு கட்டு பழசு நடுவுல தங்கிடுச்சி. தறிக்காரரு நூல மாத்தறாரு, நாடாவ மாத்தறாரு, ஒண்ணும் நடக்கல. சேலை பூரா மாங்கா, நடுவுல ஒத்தக் கிளி. தறி என்ன பண்ணும்? அட்டை மொதல்ல என்ன சொல்லுதோ அதத்தான் அது கேக்கும்." அவர் சிரித்தார். "ஜுபைதா அதப் பாத்துட்டு, கிளி மாங்கா திங்க வந்திருக்குது, விடுங்கன்னா."

தீபிகா அவரைப் பார்த்தாள். பிறகு வேகமாக எதையோ தட்டினாள். பொதுவான படங்கள், முத்திரைகள் எல்லாம் போட்டு வைக்கிற கோப்புறை ஒன்று இருந்தது. அதற்குள், கோபுரப் படத்துக்குக் கீழே, ஜுபைதாவின் பதிவு எண்ணையே பெயராகக் கொண்டு ஒரு கோப்பு இருந்தது. தேதி, மூன்று வருடத்துக்கு முந்தைய விழாவின் முந்தின நாள்.

"இதோ இருக்குது கிளி" என்றாள்.

விழாவில் நெட் நின்றுபோனாலும் பக்கம் நிற்கக் கூடாது என்று, முன்பிருந்த யாரோ ஜுபைதாவின் பக்கத்தை மட்டும் தயாராக எழுதி அங்கே வைத்திருக்கிறார்கள். விழா முடிந்து எடுக்க மறந்துவிட்டார்கள்.

உமாபதிக்குப் புரியவில்லை. தீபிகா சொன்னாள்: "வாசல்ல ஒரு ஆள் உக்காந்திருக்கான்னு வெச்சுக்கோங்க சார். யாராவது வந்து ஒரு பக்கத்தைக் கேட்டா, மொதல்ல வாசல்ல இருக்கிற அலமாரியப் பாப்பான். அதே பேர்ல ஒரு தாள் இருந்தா அதையே குடுத்து அனுப்பிடுவான். இல்லன்னாதான் உள்ள போயி விசாரிப்பான். உள்ள நாம என்ன எழுதி வெச்சிருக்கோம்னு அவனுக்குத் தெரியவே தெரியாது."

"அட, நம்ம ஆபீஸ்தான்" என்றார் உமாபதி.

"இதை எடுத்துட்டா போதும். ஒரு செகண்டு."

ஒரு செகண்டில் செய்ய ஆணை வேண்டும். ஆணைக்குக் குறிப்பு வேண்டும். குறிப்பு தமிழில் வேண்டும். ஸ்டாட்டிக் ஃபைல் என்பதற்கு என்ன எழுதுவது என்று தீபிகா தேடிப் பார்த்து, 'நிலையான கோப்பு' என்று எழுதிக் கொடுத்தாள். யதிராஜன் அதைப் படித்ததும் முகம் மலர்ந்து, பச்சை மையால் அடித்து, 'நிலைபெற்ற கோப்பு' என்று திருத்தினார். திருத்தியபின் பேனாவை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இதை அழிக்க இயலாதே."

"ஏன் சார்?"

"நிலைபெற்ற கோப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாரியத்தின் ஆவணக் காப்பு விதி பதினேழு: நிலைபெற்ற கோப்புகள் எக்காலத்தும் அழிக்கப்படலாகா."

"சார், நிலையானதுன்னா அந்த அர்த்தம் இல்ல. அது மாறாதுன்னுதான்..."

"மாறாதது எதுவோ அதுவே நிலைபெற்றது." யதிராஜனின் குரலில் நெகிழ்ச்சி இருந்தது. "எவ்வளவு அழகான சொல்! நிரல் மாறும், பதிவு மாறும், நீங்களும் நானும் மாறுவோம். இது ஒன்று மாறாது என்று நீங்களே சான்றளித்திருக்கிறீர்கள். இதை அழிக்க நான் கையொப்பமிட்டால் நாளைக்கு என் ஓய்வூதியத்தை யார் பார்ப்பது?"

அந்தக் கோப்பைப் பதினோரு தாளில் அச்சிட்டு, பக்க எண் இட்டு, சிவப்புத் துணியில் கட்டி இரும்பு பீரோவில் வைத்தார்கள். மாசி முடிந்து பங்குனி பிறந்தது. ரூக்ஷார் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் ஃபக்ருதீனால் அலுவலகப் படியேற முடிந்தது. செயலரின் அறையில் அவர் நாற்காலி இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, நான் அவள அழிக்கச் சொல்லல. அவ அங்க நிக்கிறா, நான் இங்க நிக்கிறேன். நடுவுல வழி இல்ல. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, நான் போயிடறேன். இன்னும் பத்து நாள்தான்னு டாக்டரு சொல்லிட்டாரு."

யதிராஜன் எழுந்து வந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு, "தள்ளி நிற்க..." என்று தமக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தில் முப்பது வருட அனுபவம் ஒளிவிட்டது.

"அழிக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் இடமாற்றம் செய்ய அதிகாரம் உண்டு!"

ஆணை அன்றே தயாரானது. 'பொதுநலன் கருதி, மேற்படி நிலைபெற்ற கோப்பு, பொதுக் கோப்புறையிலிருந்து பழைய கோப்புறைக்கு இடமாற்றம் செய்யப்படுகிறது. இவ்விடமாற்றம் கோப்பின் சொந்த விருப்பத்தின் பேரில் அன்று. பணியேற்புக் காலம் ஏழு நாள்.' தீபிகா ஏழு நாளும் காத்திருந்தாள். எட்டாம் நாள், ஏப்ரல் பத்தாம் தேதி, ஒரு செகண்டில் அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

திரையில் ஜுபைதாவின் பக்கம் புதிதாக வந்தது. படம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். 'நிலை: காலமானார். காலமானார். காலமானார். காலமானார்.'

ரூக்ஷார் வாயைப் பொத்திக்கொண்டாள். தீபிகா அவசரமாகத் திரையை மறைத்துக்கொண்டு தட்டினாள். "நாலு பதிவு இருக்குதில்ல, அதான். மூணை எடுத்துட்றேன் பாய். ஒண்ணு போதும்."

"ஒண்ணே ஜாஸ்திம்மா" என்றார் ஃபக்ருதீன்.

பிறகு எல்லாம் தடையில்லாமல் நடந்தது. குடும்பத் தலைவர் மாறினார். மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். புறப்படும்போது ஃபக்ருதீன் வழக்கப்படி செல்போனை மகளிடம் நீட்டினார். "மாறிடுச்சான்னு பாரும்மா."

ரூக்ஷார் பார்த்தாள். தீபிகாவிடம் காட்டினாள். "அக்கா, இதுல இன்னும் நலம்னுதான் இருக்குது."

தீபிகா வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது சர்வர்லேர்ந்து வரல. மாறாத கோப்பைத் திரும்பத் திரும்ப கேக்காதே, ஒரு வருஷம் கையிலேயே வெச்சுக்கோன்னு போனுக்கு எழுதி வெச்சிருக்காங்க. போன மே இருபதாந்தேதி ஒரே ஒரு வாட்டிதான் எங்ககிட்டேர்ந்து வந்திருக்குது."

"அப்ப தினமும் காலைல நான் பாத்தது?" என்றார் ஃபக்ருதீன்.

"உங்க போன்லேர்ந்துதான் பாய். உங்க சட்டைப் பையிலதான் இருந்திருக்குது." அவள் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்க அமுக்கினா போயிடும். புதுசு வந்துடும். அமுக்கட்டுமா?"

அவருடைய கை செல்போன் இருந்த திசையில் நீண்டு, பாதியில் நின்றது.

"இல்லன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. மே இருபது வந்தா தானாவே போயிடும். இன்னும்..." விரல் விட்டு எண்ணினாள். "நாப்பது நாள்."

நாற்பது என்ற எண்ணைக் கேட்டதும் ரூக்ஷார் தந்தையைப் பார்த்தாள். தீபிகாவுக்கு அது வெறும் கணக்கு. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீட்டில் தேக்சா இறக்கி ஊருக்குச் சோறு போட்டது போன வருடம்.

"குடும்மா" என்று ஃபக்ருதீன் செல்போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வலது கண்ணுக்கு முதலில் அறுவை செய்தார்கள். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி கட்டைப் பிரித்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. மகளின் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் போனபின் செல்போனை எடுத்துத் திறந்தார். ஆறு அங்குலத்தில் அல்ல, கையை நீட்டி.

படம் துல்லியமாக வந்தது. ஒத்திகைக்கு அவசரமாக வந்தவள். துப்பட்டா தோளில் மாம்பழ நிறத்தில் ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தது, தார் சுற்றும்போது ஒட்டியது. அவள் சிரிப்பது கேமராவைப் பார்த்து அல்ல. கண் சற்றே இடப்பக்கம், கீழே போயிருந்தது. அங்கேதான் அவர் ஒரு கையில் அவளுடைய செருப்பையும் ஒரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நிலை: நலமுடன் உள்ளார். இதை அவரே படித்தார்.

"என்னத்தா, தெரியுதா?"

"தெரியுதும்மா. தோள்ல நூல் ஒட்டிக்கினு இருக்குது. அத்தனை பேர் இருந்தாங்க, ஒருத்தர் சொல்லல பாரு அவகிட்ட."

கட்டை விரலால் அந்த இழையைத் தட்டிவிட்டார். பக்கம் லேசாக மேலே ஏறியது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.